காற்றைத் தின்னும் செயற்கைக் கோள்: வாய் அமைவதுதான் கஷ்டம்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறியாத தமிழர் இந்தப் பகுதியில் இல்லை. மலைத் தொடரின் இடைவெளியில் காற்று நெருக்கியடித்துப் பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான். வானத்திலும் இப்படி ஒரு புனலை வைத்துக் காற்றைப் பிடிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

200 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக் கோளை, அங்குள்ள சொற்பக் காற்றே இழுத்து வீழ்த்திவிடும். ஐரோப்பியரின் ‘கோச்சே’ என்ற கோள் 2009 முதல் சுமார் 255 கிலோமீட்டர் உயரத்தில் செனான் வாயுவை மின்சாரத்தால் பீய்ச்சிச் சமாளித்தது. 2013 அக்டோபரில் செனான் தீர்ந்தது. அடுத்த மாதமே விழுந்தது. எதிரே வரும் காற்றையே செனானுக்குப் பதிலாகப் பீய்ச்சினால்? 2018ல் இத்தாலியில் ஒரு வெற்றிடக் கூடத்தில் அதைச் செய்து காட்டினார்கள். செனானை நிறுத்திக் காற்றை மட்டும் கொடுத்தபோது நீலச் சுடர் ஊதாவாக மாறியது.

எல்லோரும் எஞ்சினைப் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ வாய்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த உயரத்தில் காற்று ஆறுபோல் ஓடுவதில்லை. அணுக்கள் தனித்தனியே, விநாடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும். புனலின் சுவரில் பட்டவை சிதறி, வந்த வழியே திரும்பிவிடும். ஆகவே தேன்கூடு போல் குறுகலான நீண்ட குழாய்களை வாயில் அடுக்குகிறார்கள். நேரே வருபவை உள்ளே போய்விடும்; உள்ளே மோதித் தறிகெட்டவை எளிதில் வெளியேற முடியாது. (ஏறுகிறவர் தள்ள, இறங்குகிறவர் தவிப்பது மாலை பாசஞ்சரில் நாம் தினமும் காண்பதே!) குழாய் மிக நீண்டால் வருபவையும் சுவரில் இடிக்கும். வாய் அகன்றால் இழுவை கூடும்.

இதில் நமக்கென்ன? உயரம் பாதியானால் அதே கேமரா இருமடங்கு நுணுக்கமாகப் பார்க்கும். மேகத்தை ஊடுருவும் ராடாருக்கும் குறைந்த மின்சாரம் போதும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் இருந்த 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். செய்தி வெளியே தெரியவே விடிந்துவிட்டது. தாழப் பறக்கும் கோள் அதைத் தடுத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். சரிவுகளை அருகிலிருந்து பார்க்க ஒரு கண் கிடைக்கும்.

பெங்களூர் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம் 200 கிலோமீட்டர் திட்டம் ஒன்றை அறிவித்திருக்கிறது. இஸ்ரோ 2025ல் தன் செனான் எஞ்சினை 1,000 மணி நேரம் ஓட்டிப் பார்த்தது. எஞ்சினுக்குச் செலவிடுவதுபோல் இந்த வாய்க்கும் தனிச் சோதனைக் கூடம் வேண்டும். கோள் பறக்கும் நாளில் அதன் படங்கள் எல்லைக் காவலுக்கு மட்டும் போகாமல் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு சரிவுகளுக்கும் பயன்பட வேண்டும் என்று நம் தொழிற்சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் இப்போதே எழுதிக் கேட்கட்டும்.