மருந்தில் பூக்கும் பூக்கள்

இயற்கையிலிருந்து உந்துதல் பெற்று, பார்வையாளனை நாற்புறமும் சூழ்ந்துகொள்ளும் நிறுவல் கலையைப் பற்றி நம் சிற்றிதழ்ச் சூழலில் எழுதப்படுபவை பெரும்பாலும் அனுபவ வர்ணனையோடு நின்றுவிடுகின்றன. பார்வையாளன் எதற்குள் நுழைந்தான், எப்படித் தன்னை மறந்தான் என்பதே பேச்சு. அந்த அனுபவம் எந்தப் பொருளால் செய்யப்பட்டது, அப்பொருளின் அருகில் யாருடைய கைகள் இருந்தன, எல்லோரும் கலைந்த பிறகு தரையில் என்ன கிடந்தது என்பவையெல்லாம் கலை விமர்சனத்துக்குப் புறம்பானவை என ஒரு வழக்கம் வந்துவிட்டது. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இவ்வழக்கத்தை ஏற்பது நமக்குக் கடினமாகவே இருக்கிறது.

2003 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் கூடத்தில் ஓலஃபர் எலியாசன் ஒரு சூரியனை நிறுவினார். மஞ்சள் ஒளியை மட்டும் உமிழும் விளக்குகளால் ஆன அரைவட்டம், கூரை முழுக்கக் கண்ணாடி, காற்றில் மெல்லிய மூடுபனி. கண்ணாடியில் தெரியும் பாதியோடு சேர்ந்து அது முழுச் சூரியனாயிற்று. ஏறத்தாழ ஐந்து மாதத்தில் இருபது லட்சம் பேர் வந்து பார்த்ததாகச் சொல்வார்கள். பலர் தரையில் படுத்துக் கிடந்தார்கள். நமக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. சூரியனுக்குப் பின்புறம் நடந்துசென்று விளக்குகளையும் கம்பிகளையும் எவரும் பார்க்க முடிந்தது. மயக்கத்தை உண்டாக்கியவர் அதன் பொறியை ஒளித்துவைக்கவில்லை. பிறகு வந்த ஒளிப்படல அரங்குகளில், சுவரெங்கும் பூக்கள் மலர்ந்து உதிரும் டோக்கியோவின் டீம்லேப் உட்பட, இந்த நேர்மை குறைவு என்பது நம் எண்ணம்.

நாரணாபுரத்துக்கு வருவோம். இங்கு இயற்கையைப் போலச் செய்யும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அதைக் கலை என்று எவரும் அழைத்ததில்லை, அவ்வளவுதான். பெயர்களையே பாருங்கள்: பூச்சட்டி, குருவி வெடி, பாம்பு மாத்திரை. ஜப்பானியர் தம் வாணங்களுக்குச் செவ்வந்தி என்று பெயர் சூட்டியதை அழகியல் நூல்கள் வியக்கின்றன. நம் பூச்சட்டிக்கு அந்த வியப்பு கிட்டவில்லை. காகிதக் கூம்புக்குள் கரியும் கந்தகமும் வெடியுப்பும் இரும்புத் தூளும் அடைத்து, பொன்னிறப் பூமரம் ஒன்றைச் சில விநாடிகள் நிற்கச் செய்வது எளிய காரியமல்ல. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்குச் சோடியம், பச்சைக்குப் பேரியம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. 2021-இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. ஆக, 'பசுமைப் பட்டாசு' என்று பெயர் பெற்ற ஒன்றில், இலையின் நிறத்தைத் தரும் அந்தப் பொருளுக்கு இடமில்லை.

இத்தொழில் இங்கே வேரூன்றியதற்கு நிலமும் ஒரு காரணம். மழை குறைந்த கரிசல் மண். காய வைத்த பொருள் காய்ந்தபடியே இருக்கும் காற்று. வறட்சியையே மூலப்பொருளாக்கிக்கொண்ட ஊர்கள் இவை. வானத்தில் சிதறி நிறம் காட்டும் மணி மருந்து இந்த வெயிலில்தான் உலர்கிறது. அதே வெயிலும் ஒரு சிறு உராய்வும் போதும், அறை இல்லாமல் போகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகும் பெயர்கள்தாம் மாறின, செய்தி மாறவில்லை.

வெடிமருந்தைக் கலையின் ஊடகமாக உலகறியச் செய்தவர் சீனாவின் சுவான்சோ நகரில் 1957-இல் பிறந்த சாய் குவோ சியாங். சீன மொழியில் வெடிமருந்துக்கு 'தீ மருந்து' என்றே பெயர். நம் தொழிலாளர்களும் வெறுமனே 'மருந்து' என்கிறார்கள். 2015 ஜூனில் தம் நூறு வயதுப் பாட்டிக்காகக் கடலோரத்தில் ஐந்நூறு மீட்டர் உயரத் தீ ஏணியை அவர் வானுக்கு நிறுத்தியதை நாம் இன்றும் பெரிய படைப்பாகவே கருதுகிறோம். ஆனால் 2025 செப்டம்பரில் திபெத்தின் ஷிகாட்சே பகுதி மலைமுகட்டில், மலையேற்ற ஆடை நிறுவனம் ஒன்றின் ஆதரவில், டிராகன் வடிவில் அவர் வெடிக்கச் செய்த வாணங்கள் வேறு கதை. மட்கக்கூடிய பொருள்கள் என்று முன்கூட்டியே விளக்கம் சொல்லப்பட்டது. எதிர்ப்பு பெருகியதும் நிறுவனமும் கலைஞரும் மன்னிப்புக் கேட்டனர். அரசு விசாரணையில் புல்வெளிக்கு நேர்ந்த சேதம் உறுதியாயிற்று. மலையைப் போற்றுவதாகச் சொன்ன படைப்பு, மலையைத் திரைச்சீலையாகப் பயன்படுத்திவிட்டது.

அந்த எதிர்ப்பு நியாயமானதே. எனினும் நமக்கு ஒரு நெருடல் உண்டு. உயர்மலைப் புல்லுக்காக உலகம் ஒரே வாரத்தில் கொதித்தது, அது கொதிக்கட்டும். நாம் எரிக்கும் மருந்தை அன்றாடம் கையாளும் உடல்களைப் பற்றிய கேள்வி மட்டும் தொழிலாளர் நலத்துறையின் கோப்பாகவும் உள்ளூர்ப் பக்கச் செய்தியாகவும் சுருங்கிவிடுகிறது. புல்லும் கையும் ஒரே கேள்வியின் இரு பகுதிகள். ஒன்றை மட்டும் கேட்கும் விமர்சனம் பாதி வழியில் நின்றுவிட்டது என்றே சொல்வோம்.

இவ்வட்டாரத்தில் ஒரு நிறுவலை உருவாக்க எவரேனும் முன்வந்தால், அதில் ஒரு திரியும் எரிய வேண்டியதில்லை என்பது நம் கருத்து. இடைவெளி விட்டுத் தனித்தனியே நிற்கும் அறைகளின் அளவில் ஓர் அறை; ஒருவர் பின் ஒருவராக மட்டும் நுழையலாம். உள்ளே சன்னல் வழி வரும் வெயில், காலியான காகிதக் கூம்புகள், அலுமினியத் தூள் படிந்த விரல்களின் பெரிய நிழற்படங்கள். சுவரில், சிவகாசி அச்சகங்கள் அடித்துக் குவித்த தாமரைகளும் கிளிகளும் மயில்களும் கொண்ட பட்டாசுப் பெட்டிச் சீட்டுகள். அச்சீட்டுகளில் நிறுவனத்தின் பெயர் உண்டு, விலை உண்டு, எச்சரிக்கை உண்டு. பூவைச் செய்தவரின் பெயரை எழுத ஒரு வெற்றுக் கட்டத்தையும் அவற்றின் அருகே விட்டு வைக்கலாம்.