தனித்துக் கற்பது நிரம்பாது

சித்தாந்த நூல்களை இல்லத்திலிருந்து தனியே ஓதின் அமையும், பலர் கூடிப் பயிறல் மிகையென்பர் சைவருட் சிலர். இராஜபாளையத்து மாயூரநாதர் கோயிலிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்விளாகத்து வைத்தியநாதர் கோயிலிலும் வழிபட்டு, உடன்வழிபடுவாரோடு ஒன்றும் உசாவாது மீள்வார்க்கு அக்கூற்று இனிதாகலாம், பொருந்துமாறில்லை.

ஆசிரியன் உரைத்ததை முழுதுங் கொண்டவனுக்கும் புலமை காற்கூறே; உடன்கற்பாரொடு பயில்வதால் ஒரு காலும், பிறர்க்கு உரைப்பதால் இரு காலும் நிரம்பும் என்பது நன்னூல் விதி. ஆசானையும் வேண்டாது ஏட்டையே நம்புவார்க்கு முதற்காலும் இல்லையென்க.

அற்றேல், மறைபொருளைக் குழுவில் ஆராய்தல் தகுமோவெனின், தகும். யூதர் தம் மறைஞானத்தைக் கப்பாலா என்பர். அதனை 16-ஆம் நூற்றாண்டில் சபேத் நகரத்து ஐசக் லூரியா மாணாக்கர் குழுவிற்கே உணர்த்தினார். மறைத்தல் தகுதி நோக்கியது, தனிமை நோக்கியதன்று.

நமக்கு அயற்சான்றும் வேண்டா. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் மெய்கண்டார் மலங்கழுவிய ஞானிக்கும் அன்பர் இணக்கத்தை விதித்தார். அவனுக்கே வேண்டுங் கூட்டம் மாணாக்கனுக்கு வேண்டாவோ? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய பாவை மகளிரும், திருவெம்பாவை மகளிரும், துயில்வாரை எழுப்பியே சென்றனர். தனியே செல்ல வழியறியாமலோ?

தனித்தோதுவான் தன் பிழையைத் தானே காணான். கல்வியோடு ஆணவமும் வளரும். ஆதலின் இவ்விரண்டு ஊர்ச் சைவரும் வாரம் ஒருநாள் கோயிலிற் கூடி ஒரு சூத்திரம் உசாவுக. பன்னிரண்டு வாரத்தில் நூல் ஒருமுறை நிறைவெய்தும். உடன்பயின்றார் அடியார் கூட்டமாவர்.

திருச்சிற்றம்பலம்.