குளிருக்குப் பயந்து கோழியை மூடி அடைக்கலாமா?

கார்த்திகை மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியதும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் ஏற்காடு, கொல்லிமலை, நீலகிரி போன்ற மலைப் பகுதிகளிலும் புறக்கடையில் ஐந்தாறு கோழி வளர்க்கும் தாய்மார்கள் முதலில் செய்யும் காரியம், கோழிக்கூண்டைச் சுற்றிலும் சாக்கு கட்டி மூடுவதுதான். உரச் சாக்கு, பழைய தார்ப்பாய், பிளாஸ்டிக் தாள் என்று கைக்கு அகப்பட்டதைக் கொண்டு ஓர் இடுக்கு விடாமல் அடைத்து விடுகிறார்கள். நோக்கம் நல்லது. பலன் நேர்மாறாக இருக்கிறது. சில நாட்களில் கோழிகளுக்கு மூக்கில் சளி வடிகிறது, முகம் வீங்குகிறது, இரவில் கொரகொரவென்று மூச்சு இழுக்கிறது. "பனி பட்டுவிட்டது" என்று சொல்லி, இன்னும் ஒரு சாக்கைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். இதில் பனியின் மீது பழி போடுவது நியாயமல்ல என்பது என் கருத்து.

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி சென்டிகிரேடு. நம் உடலைவிட நாலு டிகிரி அதிகம். அதன் மேல் இறகு என்ற மெத்தை இருக்கிறது. குளிர் மிகுந்தால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காருகிறதே, அப்போது இறகுகளுக்கு இடையில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு அதனால் சூடு வெளியேறாமல் காத்துக்கொள்கிறது. ஓசூர்ப் பக்கம் இரவு 15 டிகிரிக்குக் கீழே போனாலும் உடல் நனையாமல், நேர்க்காற்று படாமல் இருக்கும் பெட்டைக்கு அது பெரிய துன்பமல்ல. உதகையின் உறைபனி இரவுகளைக்கூட நல்ல கூண்டில் உள்ள கோழி தாங்கிவிடும். ஆனால் நனைந்த இறகு மெத்தையாகாது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

கோழி எச்சத்தில் சுமார் முக்கால் பங்கு நீர். அது விடும் மூச்சிலும் ஈரம் உண்டு. இந்த ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால் எங்கே போகும்? விடியற்காலையில் தகரக் கூரையின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அது சொட்டுச் சொட்டாகக் கோழியின் முதுகில்தான் விழுகிறது. ஈர எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்பிக் கண்ணையும் மூச்சுக் குழாயின் உட்பரப்பையும் புண்ணாக்குகிறது. சளி நோய்க் கிருமிகள் புகுவதற்கு இதைவிட நல்ல வாசல் வேண்டியதில்லை. கூண்டைத் திறந்தவுடன் தலையை உள்ளே நீட்டிப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவெல்லாம் உள்ளேயிருந்த கோழிக்கு எப்படியிருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சாக்கே கூடாது என்பதல்ல. அதைக் கட்டும் இடம் வேறு. பனிக்காலத்தில் நமக்கு வாடைக்காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறது. அந்தப் பக்கங்களில் மட்டும், கோழி உட்காரும் கழியின் மட்டத்துக்குச் சற்று மேலே வரை மறைத்தால் போதும். கூரையை ஒட்டி ஒரு சாண் அளவுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு இருக்கட்டும். கோழியின் தலைக்கு மேலே காற்று ஓட வேண்டும், உடலின் மீது வீசக் கூடாது. தகரக் கூரையானால் உட்புறம் தென்னங்கீற்றோ பழைய பாயோ கட்டிவிட்டால் நீர் கோப்பது குறையும். மேலே விட்ட திறப்புக்கு அரை அங்குலக் கம்பி வலை அடிக்க வேண்டும். கீரிக்கும் மரநாய்க்கும் சாக்கு ஒரு தடையே அல்ல. ஒரே இரவில் கூண்டைக் காலி செய்துவிட்டுப் போகும். பகலில் சாக்கைச் சுருட்டிவிட்டு வெயில் உள்ளே விழச் செய்யுங்கள்.

தரைக்கும் கவனம் வேண்டும். நெல் உமி, மரத்தூள், நிலக்கடலைத் தொலி, இவற்றில் எது மலிவோ அதை மூன்று, நான்கு அங்குலம் பரப்பி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளறிவிடலாம். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்கக் கூடாது. நின்றால் ஈரம் மிகுதி என்று கொண்டு, அந்த இடத்துக் கூளத்தை மாற்றிவிடுங்கள். மழையில் நனைந்து பூசணம் பிடித்த கடலைத் தொலியைச் சும்மா கிடக்கிறதே என்று போட வேண்டாம். அந்தப் பூசணம் குஞ்சுகளின் நுரையீரலைப் பிடிக்கும். ஈரக் கூளத்தில் இரத்தக் கழிச்சலும் வரும்.

தீனியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிரில் கோழி கூடுதலாகத் தின்னும். மாலையில் அடைக்கும் முன் ஒரு கைப்பிடி மக்காச்சோளமோ கம்போ சோளமோ போட்டால், இரைப்பையில் தானியம் அரைபடும் வரை உடலுக்குச் சூடு கிடைத்துக்கொண்டிருக்கும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். மார்கழியில் முட்டை குறைவதற்குப் பகல் பொழுது சுருங்கியிருப்பதும் ஒரு காரணம். அதற்காக மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

இதுவரை சொன்னது பெரிய கோழிக்கு. குஞ்சுகளின் கதை முற்றிலும் வேறு. உண்மையில் பனிக்காலத்தில் நம் சிறு விவசாயிக்கு நட்டம் வருவது குஞ்சில்தான். பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வரலாம். இறகு முளைக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத உயிர் அது. தாய்க்கோழி இருந்தால் அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. ஆனால் அதன் இறக்கைக்கும் ஓர் அளவு உண்டு. கோடையில் பன்னிரண்டு முட்டை வைப்பவர்கள் இந்தக் காலத்தில் எட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பன்னிரண்டு பொரித்து நாலு மிஞ்சுவதைவிட, எட்டு பொரித்து ஏழு மிஞ்சுவது மேலல்லவா? புல்லில் பனி உலர்ந்த பிறகே தாயையும் குஞ்சுகளையும் வெளியே விடுங்கள்.

சூடு கொடுக்க வசதியில்லாதவர்கள் மார்கழியில் குஞ்சு பொரிக்கும்படி அடை வைக்கவே வேண்டாம் என்பேன். தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வைத்தால், 21 நாளில், மாசி முதல் வாரத்தில் குஞ்சு வெளிவரும். வெயிலும் ஏறியிருக்கும். அதற்குள் அடைக்குப் படுத்துவிட்ட கோழியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தண்ணீரில் முக்கி எடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இந்தக் குளிரில் அது கொடுமை. அடியில் காற்றோடும் கம்பிக்கூண்டில், கூளம் போடாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் அடை தெளிந்துவிடும்.

தாயில்லாமல் விலைக்கு வாங்கிய குஞ்சுகளானால் விளக்கு வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் என்பது பழைய கணக்கு. அது குண்டு பல்புக்குச் சொன்ன கணக்கு என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இப்போது வீடுகளில் இருப்பது எல்.இ.டி. பல்பு. அது வெளிச்சம் தரும், குஞ்சைக் காக்கும் அளவுக்குச் சூடு தராது. அதன் கீழே குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாவதைக் கண்டு நோய் என்று எண்ணுகிறார்கள். குண்டு பல்போ குஞ்சுகளுக்கென்று விற்கும் வெப்ப விளக்கோ கேட்டு வாங்குங்கள். அதைக் கம்பியில் உறுதியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். அறுந்து கூளத்தில் விழுந்தால் கூண்டு மட்டுமல்ல, வீடும் எரியும். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சுகளையே கேளுங்கள். விளக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்தால் சரியாக இருக்கிறது. கரி அடுப்பை மூடிய கூண்டுக்குள் வைப்பதை ஒருபோதும் ஒப்ப மாட்டேன். புகை தெரியாத கரியும் கொல்லும்.

மாசிக் குஞ்சுக்கு ஒரு பகை காத்திருக்கிறது. அது வெள்ளைக் கழிச்சல். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் கடந்த கோழிகளை அங்கே கொண்டுபோய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் குஞ்சு முகாமுக்காகக் காத்திருக்க முடியாது. பொரித்த ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விழ வேண்டும். இங்கேதான் சிறு விவசாயிக்குச் சிக்கல். மருந்துக் குப்பி நூறு குஞ்சுக்கும் அதற்கு மேலும் என்ற கணக்கில் வருகிறது. கலக்கிய மருந்தை ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு ஆகாது. பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் தனியாக வாங்கிப் பயனில்லை. ஒரே தெருவில் உள்ள பத்து வீட்டார் பேசிவைத்து ஒரே வாரத்தில் அடை வையுங்கள். குஞ்சுகளுக்கு ஐந்து நாள் ஆனதும் ஒருவர் பனிக்கட்டி போட்ட தூக்குடன் கால்நடை மருந்தகம் போய்க் குப்பியை வாங்கி வரட்டும். வெயில் தாழ்ந்ததும் ஒரே திண்ணையில் எல்லாக் குஞ்சுகளுக்கும் சொட்டு விட்டு முடித்துவிடலாம்.