மறதிக்கு வயது மட்டும் காரணமல்ல

போன மாதம் எமது கிளைக் காரியாலயத்துக்கு ஓர் அப்பாயி வந்தார். நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். எந்த நம்பர் மலையில் எந்த வருடம் கவ்வாத்து வெட்டினார்கள் என்று இன்றும் பிசகாமல் சொல்வார். ஆனால் முந்தின நாள் தொழில் அலுவலகத்தில் என்ன கடிதம் கேட்டார்கள் என்பது ஞாபகம் இல்லை. "அப்பாயிக்கு மூளை கழன்றிருச்சு" என்று பேரன் சிரித்தான். நாமும் சிரித்துவிட்டோம்.

அவர் போன பிறகுதான் கோவையைப் புரட்டினோம். அடையாள அட்டையில் ஒரு பெயர், ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் வேறொரு பெயர். அதற்காக நான்கு தடவை பஸ் ஏறியிருக்கிறார். கையில் கொடுத்த படிவம் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். மகன் கொழும்பில், மருமகள் மலையில், இரண்டு பிள்ளைகள் இவர் பொறுப்பில். மழை பெய்தால் ஒழுகும் காம்பிரா. இராத் தூக்கம் இல்லை. அந்தக் கோவை எமது காரியாலயத்திலேயே இரண்டு மாதம் கிடந்திருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கவலைப்படும்போது உடம்பில் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு கூடுகிறது. பாம்பைக் கண்டு விலகி ஓட அது உதவும். மாதக்கணக்காக இறங்காமல் நின்றால், புதிய விஷயங்களைப் பதித்து வைக்கும் மூளைப் பகுதியின் வேலையைக் கெடுக்கும். பகலில் கேட்டதை மூளை அடுக்கி வைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். கவலை முதலில் பறிப்பது அந்தத் தூக்கத்தை.

பழையது நிற்க, புதியது மறப்பது மூளைத் தேய்வு நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அதனால் வைத்தியரிடம் காட்டாமல் நாமே முடிவு கட்டக்கூடாது. பிரஷர், சீனி, தைரொய்ட், விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாம் பார்க்கவேண்டியவை, மருந்துக்குக் கேட்பவை. இரண்டொரு நாளில் திடீரென்று தடுமாறினால் காத்திருக்க வேண்டாம், 1990 அம்பியுலன்சை அழையுங்கள்.

உலகில் இந்த நோயாளிகளில் ஏறத்தாழ 45 வீதத்தினருக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியுண்டு என்று 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் கூறியது. அது சொன்ன 14 காரணங்களில் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மனச்சோர்வு, தனிமை, காது கேளாமை எல்லாம் உண்டு. படிப்புக் குறைவும் உண்டு. புத்தகப் பையை இறக்கிவைத்துக் கூடையை மாட்டிக்கொண்ட தலைமுறை அது. அன்று பள்ளிக்கூடம் கொடுக்காதவர்கள் இன்று படிவத்தை நீட்டுகிறார்கள்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்கூலித் தொழிலாளிக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேரவேண்டும். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். எமது பகுதியில் அந்தக் காசுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இனி நிர்வாகத்துடன் பேசும்போது இதைக் காசுக் கணக்காக மட்டும் பேசப்போவதில்லை. இது உடம்புக் கணக்கும்தான்.

வீட்டிலும் கொஞ்சம் யோசிப்போம். மறந்ததற்காகப் பிள்ளைகள் முன்னால் ஏசாதீர்கள். பகலெல்லாம் குழந்தை பார்த்தவருக்குப் பின்னேரம் இஸ்தோப்பில் நாலு பேரோடு உட்கார்ந்து பேச நேரம் விடுங்கள். மனம் தாங்காதவர்கள் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம்.

ஐம்பது வயது தாண்டிய அங்கத்தவர்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காரியாலயத்துக்கு வாருங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பெயர்களை ஒப்பிட்டு எழுதித் தருவார்கள். வேலையில் இருக்கும்போதே திருத்துவது சுலபம்.

அப்பாயியின் பெயர்த் திருத்தக் கடிதம் போன வாரம் அனுப்பியாகிவிட்டது. பிரஷர் இன்னும் பார்க்கவில்லை. புதன்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப்போவதாகப் பேரன் சொல்லியிருக்கிறான்.