மடக்குக்கத்தி வாங்கும்போது எஃகைக் கேளுங்கள்

விதை யாருடையது, உரம் எங்கிருந்து வருகிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். மடியில் செருகியிருக்கும் மடக்குக்கத்தியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒட்டுக்கட்ட, கவாத்து செய்ய, கயிறு அறுக்க என்று நாள் முழுக்க நாம் எடுப்பது அதைத்தான். கடையில் பிடி அழகா இருக்கா, விலை குறைவா என்று பார்க்கிறோம். அலகு என்ன எஃகு என்று கேட்பவர் குறைவு. என்னைக் கேட்டால், அதைத்தான் முதலில் கேட்கணும்.

இரும்போடு கார்பன் சேர்ந்தது எஃகு. கார்பன் போதிய அளவு இருந்தால்தான் பதம் போட்டபின் அலகு கடினமாகி, கூர் நிற்கும். அதோடு குரோமியம் சுமார் 11 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் துரு எளிதில் பிடிக்காது, அது ஸ்டெயின்லெஸ். ‘பாலாற்றைக் கெடுத்த அதே குரோமியமா?’ என்று பள்ளிகொண்டா பக்கம் கேட்பார்கள். தனிமம் ஒன்றுதான். ஆனால் தோல் பதனிடுவது நீரில் கரையும் குரோமிய உப்பு. கத்தியில் இருப்பது எஃகோடு கலந்த உலோகம். பயம் வேண்டாம்.

பிரான்சில் 1890ல் தொடங்கிய ஓபினெல் மடக்குக்கத்தி இன்றும் கார்பன், ஸ்டெயின்லெஸ் என இரண்டு எஃகிலும் கிடைக்கிறது. இரண்டுக்கும் வேலை இருக்கிறது என்பதுதான் காரணம்.

கார்பன் எஃகு சாதாரணத் தீட்டுக்கல்லிலேயே மெல்லிய கூர் எடுக்கும். மா ஒட்டுக்கு ஒரே இழுப்பில் வழவழவென்று சாய்வு வெட்டு விழ இது நல்லது. குறை என்னன்னா, துருப்பிடிக்கும், வாழைச்சாறு பட்டால் கறுக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடும் ஈரத்தோலில் இரும்பு பட்டால் அந்த இடம் கறுத்துவிடும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் அதே வேலைதான் இதுவும். கறுப்பால் கெடுதல் இல்லை. துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

எலுமிச்சை, சாத்துக்குடி வைத்திருப்பவர்களுக்கு நான் ஸ்டெயின்லெஸ்தான் சொல்வேன். எக்சோகார்டிஸ் என்ற வைராய்டு நோய் கத்தி வழியாகவே மரத்துக்கு மரம் போகும். ஸ்பிரிட்டால் துடைப்பதும் தீயில் காட்டுவதும் இதற்குப் போதாது. பிளீச்சிங் கரைசலில் நனைத்துக் கழுவணும். அந்தக் கரைசல் கார்பன் அலகைச் சீக்கிரம் அரித்துவிடும்.

அதற்காக, ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற ஒரு சொல்லை நம்பி வாங்காதீர்கள். 420 ரகத்தில் கார்பன் குறைவு. தீட்டுவது சுலபம், மழுங்குவதும் சீக்கிரம். 440சி-யில் கார்பன் சுமார் 1 சதவீதம். கூர் அதிக நாள் நிற்கும். டி2-வில் சுமார் 1.5 சதவீதம், அது முழு ஸ்டெயின்லெஸும் இல்லை, வீட்டுக் கல்லுக்கு எளிதில் மசியவும் மசியாது.

வங்கியில் கடன் மனு வந்தால், எவ்வளவு கேட்கிறார் என்பதைவிட எப்படித் திருப்பிக் கட்டுவார் என்றுதான் பார்ப்போம். கத்திக்கும் அதே கணக்குதான். வாங்கும் அன்றைக்கு எவ்வளவு கூர் என்பதைவிட, மழுங்கினால் யார் தீட்டுவது என்று பாருங்கள். தீட்ட வெளியாளைத் தேடவைக்கும் கத்தி, வருஷாவருஷம் கடையில் வாங்கும் விதை மாதிரிதான். விலை உயர்ந்த ‘சூப்பர் ஸ்டீல்’ நமக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வீட்டில் இருக்கும் கத்தி எந்த வகை? காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை. பதம் போட்ட ஸ்டெயின்லெஸ் கத்தியிலும் காந்தம் ஒட்டும். அலகின் எண்ணெயைத் துடைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். சில மணி நேரத்தில் கறை விழுந்தால் கார்பன் எஃகு.

இன்னொன்று. சாணைச் சக்கரத்தில் பொறி பறக்கத் தீட்டவிடாதீர்கள். சூட்டில் அலகு நீலம் பாரித்தால் அந்த இடத்தில் பதம் போச்சு. எந்த எஃகாக இருந்தாலும் கூர் நிற்காது. தண்ணீர் விட்டுக் கல்லில், கையால் தீட்டுங்கள்.

ஒட்டுக்கும் தினசரி வேலைக்கும் கார்பன். எலுமிச்சைத் தோட்டத்துக்கும், துடைக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கும் நடுத்தர ஸ்டெயின்லெஸ். எஃகின் பெயரைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அவரவர் கத்தியும் ஒரு தீட்டுக்கல்லும் கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் ஒதுக்கினால், தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குத் தீட்டக் கற்றுக்கொடுத்துவிடலாம்.