நிலைத்து நின்ற கண்

ஒரு செய்மதி ஏவப்படும் நாளில் உலகமே கைதட்டுகிறது. மறுநாள் அதை மறந்துவிடுகிறது. ஏவுவதைவிட, ஏவியதைப் பேணி நெடுங்காலம் பயன் பெறுவதே பெரிய சாதனை என்பது என் கருத்து. லாண்ட்சாட்-5 அதற்குச் சான்று.

1984 மார்ச் 1ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து அது ஏவப்பட்டது. எதிர்பார்த்த ஆயுள் மூன்று ஆண்டுகள். உழைத்ததோ 2013 வரை. 705 கிலோமீற்றர் உயரத்தில் பூமியை வலம் வந்து, 16 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலாக மீண்டும் சென்றது. கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர்களையும் பதிவு செய்ததால், செழித்த பயிரையும் வாடிய பயிரையும் அதன் படங்களில் பிரித்தறிய முடிந்தது.

1993இல் அனுப்பப்பட்ட லாண்ட்சாட்-6 சுற்றுப்பாதையை அடையாமலே அழிந்தது. 1999இல் ஏழாவது செய்மதி ஏவப்படும் வரை இந்த முதியவரே பொறுப்பைச் சுமந்தார். சூரியத் தகட்டைத் திருப்பும் பொறி பழுதடைந்தது. மின்கலம் ஒன்று செயலிழந்தது. கையால் தொட முடியாத அந்த இயந்திரத்தைப் பொறியியலாளர்கள் தரையிலிருந்து அனுப்பிய கட்டளைகளாலேயே காப்பாற்றினர்.

ஏன் இத்தனை பாடு? தனியொரு படம் ஒரு நாளை மட்டுமே காட்டும். பருத்திச் செய்கைக்காக ஆறுகள் திருப்பப்பட்டதால் மத்திய ஆசியாவின் ஆரல் கடல் வற்றியது. அது ஆண்டாண்டாகச் சுருங்கிய கதையை, அடுக்கி வைத்த படங்களே மறுக்க முடியாதபடி சொல்கின்றன. இடையில் பத்தாண்டுகள் விடுபட்டிருந்தால், போன காலத்தை எந்தப் புதிய செய்மதியாலும் திரும்பிச் சென்று படம்பிடிக்க முடியாது.

ஆனால் சேர்த்த அறிவைப் பெட்டியில் பூட்டி வைத்தால் யாருக்குப் பயன்? ஒரு காலத்தில் இப்படங்கள் பெரும் விலைக்கு விற்கப்பட்டன. 2008இல் அவற்றை இலவசமாக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஏவியதற்கு இணையான நற்பணி அது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இத்திட்டத்தின் முதற் செய்மதி சுமந்து சென்ற பல்நிறமாலை வருடியை வடிவமைத்தவர் வேர்ஜீனியா நோர்வூட் என்ற பெண்மணி. அதே வகைக் கருவி லாண்ட்சாட்-5இலும் இருந்தது. பிரதான கருவி ஓய்ந்தபின், பல்லாண்டுகள் அணைத்து வைக்கப்பட்டிருந்த அது 2012இல் மீண்டும் இயக்கப்பட்டது. “பெண்பிள்ளைக்கு விண்வெளி எதற்கு?” என்று இனியும் கேட்கலாமா?

தோழியரே, நமது தீவின் படங்களும் அந்தச் சேமிப்பில் உள்ளன. உங்கள் ஊர்க் கரையோரத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் இறக்கி, அருகருகே வைத்துப் பாருங்கள். அவர்கள் பேணிக் காத்தது நமக்காகவும்தான்.