கையில்லாத தாயும் ஒரு சிறுமியின் கேள்வியும்

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் அன்பியக் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். இந்த நாற்பது நாட்களுக்கு எதைத் துறக்கப் போகிறோம்? ஆண்களிடம் கேட்டால் புகை, குடி என்று ஒரு சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும். பெண்களிடம் கேட்பதற்கு முன்பே விடை தயாராக இருக்கும்: தொலைக்காட்சித் தொடர். எங்கள் பாட்டிமார் பூவைத் துறந்தார்கள், கறியைத் துறந்தார்கள். நாங்கள் மாமியார் மருமகள் சண்டையையும் (திரையில் வருவதை மட்டும்) துறக்கிறோம். கிரிக்கெட்டைத் துறக்கும்படி எந்தத் தகப்பனாரிடமும் எவரும் கேட்டதாக எங்களுக்கு நினைவில்லை.

சென்ற தவக்காலத்தில் விழுப்புரத்தில் எங்கள் அன்பியப் பெண்கள் சிலர் இதற்கொரு மாற்று கண்டோம். வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதை முடிந்த இரவில் ஒருவர் வீட்டில் கூடி, 1948இல் வெளிவந்த 'ஞானசௌந்தரி' படத்தைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மாதாவின் புதுமையைச் சொல்லும் படம். ஆகவே தவக்காலத்துக்குப் பழுதில்லை என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பாதிப் படம் ஓடியிருக்கும். எங்களோடு உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுச் சிறுமி தன் தாயிடம் கேட்டாள்: "கையில்லாம எப்படிம்மா பாப்பாவத் தூக்கிப் பால் குடுப்பாங்க?"

அறையில் ஏழெட்டுத் தாய்மார் இருந்தோம். எவருக்கும் விடை தெரியவில்லை. "மாதா பாத்துப்பாங்க, பேசாமப் படத்தப் பாரு" என்று ஒருவர் அடக்கினார். அந்தக் கேள்விக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய விடையைத் தேடித்தான் இக்கட்டுரை.

கதையை அறியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாயை இழந்த இளவரசி ஞானசௌந்தரி, மாதா பக்தை. சிற்றன்னை லேனாளின் வஞ்சத்தால் காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, இரு கைகளும் வெட்டப்படுகிறாள். பிலவேந்திரன் என்னும் இளவரசன் அவளைக் கண்டு காப்பாற்றி மணந்துகொள்கிறான். இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. கணவன் அருகில் இல்லாத வேளையில் மீண்டும் சூழ்ச்சி. மீண்டும் காடு, இம்முறை இரு குழந்தைகளோடு. முடிவில் தேவமாதாவின் அருளால் இழந்த கைகளைப் பெறுகிறாள்.

இது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் உலவிய கதை. கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் கையில்லாப் பெண்ணின் கதை ஒன்று உண்டு. தமிழுக்கு வந்தபின் அது மேடையேறியது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இதை நாடகமாக்கினார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்தாக விடிய விடிய ஆடினார்கள். 1948இல் இக்கதையை இரு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படமாக்கின. சிட்டாடல் நிறுவனத்தின் ஜோசப் தளியத் தயாரித்து, எஃப். நாகூர் இயக்கி, எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்த படம் பெருவெற்றி பெற்றது. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி எடுத்த படம் எடுபடவில்லை; வாசன் அதைத் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இப்படத்தில் எங்கள் வட்டாரத்துக்கும் பங்குண்டு என்பது எங்களுக்கு ஒரு பெருமை. பாட்டெழுதியவர்களுள் ஒருவரான கம்பதாசன் (1916–1973) திண்டிவனத்தை அடுத்த உலகாபுரத்துக்காரர். எஸ்.வி. வெங்கட்ராமன் இசையில் தேவமாதாவை விளித்துப் பாடும் புகழ்பெற்ற பாடலைச் சிறுமிப் பருவத்துக்கு ஜிக்கியும், வளர்ந்த பருவத்துக்குப் பி.ஏ. பெரியநாயகியும் பாடினார்கள். பெரியநாயகி பண்ருட்டிக்காரர். அவர் பெயர் அம்மனின் பெயர். விருத்தாசலம் அருகே கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய கோயிலின் மாதாவுக்கும் அவர் சூட்டிய பெயர் பெரியநாயகிதான். தென்னார்க்காட்டு மண்ணில் தாயை அழைக்கும் குரலுக்கு மதம் ஒரு பெரிய வேலியாக இருந்ததில்லை.

எங்களில் பலருக்கு இக்கதை படத்துக்கு முன்பே ஆயாக்களின் வாய்வழியாக அறிமுகம். திண்டிவனத்துப் பக்கம் விதை மல்லாட்டையைக் கையால்தான் உரிப்பார்கள். இயந்திரத்தில் உரித்தால் பருப்பு உடைந்து முளைப்புக் கெடும். மாசி வெயில் தாழ்ந்தபின் முற்றத்தில் குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார, கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு உரித்தபடியே ஆயா கதை சொல்வார். கை வெட்டுப்படும் கட்டம் வந்தால் உரிப்பது நின்றுவிடும். ஒரு நாழிகை அழுகை. அதற்குப்பின் கைகள் திரும்பக் கிடைத்த கதையை ஆயா இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு, "ம், உரிங்க" என்பார்.

இப்போது யோசிக்கையில் இந்த அளவு வேறுபாடுதான் எங்களை உறுத்துகிறது. வெட்டுக்கு ஒரு நாழிகை, மீட்புக்கு இரண்டு வாக்கியம். ஆயாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அமைந்த வாழ்க்கையிலும் அளவு அப்படித்தான் இருந்தது. தவிர, தாயின் துயரத்தைப் பாடுவது எங்கள் சமயத்தின் நெடிய மரபு. வீரமாமுனிவரே அதற்கென 'அன்னை அழுங்கல் அந்தாதி' பாடினார். வியாகுல மாதாவின் நெஞ்சில் ஏழு வாள்களைச் செருகிய படம் எங்கள் வீடுகளில் மாட்டப்பட்டிருக்கிறது. மகனைப் பறிகொடுத்த தாயின் முன் மண்டியிட்டு அழுவதில் எங்கள் தாய்மார் கண்ட ஆறுதல் உண்மையானது. அதை எவரும் எளிதாக எடைபோட்டுவிட வேண்டாம்.

ஆனால் அந்த ஆறுதலையே ஆணையாக மாற்றிக் கொடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எங்களுள் மூத்தவரான ஓர் அக்கா இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன், கைக்குழந்தையோடு இருந்த காலத்தில், கணவரின் கோபத்தில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு ஆறுதல் தேடிப் போன இடத்தில் அவருக்குக் கிடைத்த அறிவுரை: மாதா பட்ட வியாகுலத்தை நினைத்துப் பொறுத்துக்கொள், குடும்பத்துக்காக ஒப்புக்கொடு. சொன்னவர் கெட்டவரல்லர். மேடையிலும் பிரசங்கத்திலும் திரையிலும் தாய்க்கு எழுதப்பட்டிருந்த வசனத்தையே அவரும் ஒப்பித்தார். அக்காவும் அதை நம்பித்தான் வீடு திரும்பினார். அவ்வாண்டில் அவர் பார்த்த தொலைக்காட்சித் தொடர்களிலும் அழுகின்ற தாய் நல்லவளாக இருந்தாள். குரல் உயர்த்தியவள் வில்லியாக இருந்தாள். கோயிலும் தொலைக்காட்சியும் பகைவர்கள் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. தாயைப் பற்றிய பேச்சில் இவ்விரண்டும் ஒரே பாயில்தான் படுத்துக் கிடக்கின்றன.

எனவே, தொடர் பார்ப்பதால்தான் குடும்பப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்ற பிரசங்கத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. தொடர்களுக்குப் பரிந்து பேசவும் எங்களுக்கு விருப்பமில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். லேனாள் காலந்தொட்டுச் சிற்றன்னை என்றாலே நஞ்சு என்று பழகியிருந்த வீடுகளுக்குள், 1999இல் தொடங்கிய 'சித்தி' தொடரில் சிற்றன்னையே கதையின் நாயகியாக நுழைந்தாள். எங்கள் தெருவில் இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்மணி, அத்தொடர் ஓடிய நாட்களில்தான் தன்னை மற்றவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்ததாக இன்றும் சொல்வார். எந்தப் பிரசங்கமும் அவருக்கு அதைச் செய்யவில்லை. கேளிக்கை ஒரு தாயைச் சிறுமைப்படுத்தவும் கூடும், தலைநிமிர்த்தவும் கூடும். அதைத் துறந்துவிட்டால் அதனோடு வழக்காடும் உரிமையையும் சேர்த்தே துறந்துவிடுகிறோம்.

இனி, வேதாகமத்துக்கு வருவோம். தேவமாதா கேளிக்கையின் நடுவே இருக்கும் காட்சி ஒன்று யோவான் நற்செய்தியில் உண்டு. கானாவூர்க் கல்யாணம். பந்தியில் திராட்சை இரசம் தீர்ந்துபோனதை வீட்டாரே சொல்லாத நிலையில் மாதா கவனிக்கிறார். மகனிடம் சொல்கிறார். மகன் தயங்குவதுபோல் பதில் சொல்லியும் விடாமல், பணியாளர்களைத் தயார்ப்படுத்துகிறார். ஒரு வீட்டு விருந்தின் மகிழ்ச்சி குன்றிவிடக் கூடாது என்பதற்காக முதல் புதுமையைக் கேட்டு வாங்கியவர் அவர். அக்காட்சியில் கண்ணீர் இல்லை. கண்காணிப்பும் கையிருப்புக் கணக்கும் துணிச்சலும் இருக்கின்றன. ஒரு குடும்பத்தை நடத்தும் எந்தத் தாய்க்கும் இந்த மாதாவை உடனே அடையாளம் தெரியும்.

எங்கள் ஆயாக்கள் இந்தக் காட்சியைத் தியானித்துச் செபமாலை சொன்னதில்லை. பழைய செபமாலையின் பதினைந்து தேவ இரகசியங்களில் கானாவூர் கிடையாது. 2002இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்தபோதுதான் அது செபமாலைக்குள் வந்தது. இப்போது வியாழக்கிழமைதோறும் சொல்கிறோம். இன்னமும் எங்கள் கூத்தும் படமும் பிரசங்கமும் அந்த வியாழக்கிழமைக்கு வந்து சேரவில்லை, வெள்ளிக்கிழமையிலேயே நிற்கின்றன.

கையில்லாத தாய்க்கு மீண்டும் வருவோம். இக்கதையை வேறு நாடுகளில் சொல்லும் சில வடிவங்களில், தாகத்தோடு நீர்நிலையில் குனியும் தாயிடமிருந்து குழந்தை நழுவித் தண்ணீரில் விழுகிறது. வெட்டுப்பட்ட கைகளையே நீட்டி அவள் நீருக்குள் பாய, அந்த நொடியில் கைகள் முளைத்துவிடுகின்றன. அழுததற்குப் பரிசாக அக்கைகள் வரவில்லை. பிள்ளையைப் பிடிக்க நீட்டியபோது வந்தன. இவ்வடிவத்தை எங்கள் ஆயாக்கள் அறிந்திருந்தால் முற்றத்தில் இன்னொரு நாழிகை பேசியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

படம் பார்த்து ஒரு வாரம் கழித்து அடுத்த வெள்ளிக்கிழமை கூடியபோது, மணிக்கட்டு முறிந்த அந்த அக்கா, தன் வழக்கத்துக்கு மாறாக, தானே பேச்சைத் தொடங்கினார். சிறுமியை அருகில் அழைத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"அன்னிக்குக் கேட்டியே கண்ணு, கையில்லாம எப்படிப் பால் குடுத்தாங்கன்னு. பக்கத்துல யாராச்சும் ஒரு பொம்பள இருந்து புள்ளயத் தூக்கி மடியில வெச்சிருப்பாங்க. எனக்குக் கை உடஞ்சப்ப எதிர்வீட்டு ஆயாதான் ரெண்டு மாசம் தூக்கிக் குடுத்தாங்க. அவங்க நம்ம கோயிலுகூடக் கெடையாது."

ஞானசௌந்தரியின் கதையில் இந்தப் பெண்ணுக்குப் பாத்திரம் இல்லை. மேடையில் அவளுக்கு வேடம் கட்டியவர் இல்லை, படத்தில் அவளுக்குப் பாட்டு இல்லை. துயருறும் தாயையும் புதுமை செய்யும் மாதாவையும் படைத்த நம் கற்பனை, இவ்விருவருக்கும் நடுவில் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவளை மறந்துவிட்டது. அவள் இல்லாமல் எந்தக் கைக்குழந்தையும் புதுமை நிகழும் நாள்வரை உயிரோடிருந்திருக்காது. அக்காவும் அவளைக் கொண்டுதான் பிழைத்தார். பின்னர் ஒரு தையல் இயந்திரம் வாங்கித் தனியே வாழவும் தலைப்பட்டார். அவரிடம் அப்போது பொறுத்துக்கொள் என்று சொல்லாத ஒரே ஆள் அந்த எதிர்வீட்டு ஆயாதான் என்பதையும் அன்றைக்குத்தான் நாங்கள் அறிந்தோம்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது கன்னியர் மடத்தின் உட்புறத்தைத் தமிழ் வாசகர்கள் முதன்முதலாக நெருங்கிப் பார்த்தார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் செபமாலைக்கும் சீரியலுக்கும் நடுவே அடுப்படியில் நிற்கும் கத்தோலிக்கத் தாயின் உட்புறமும் அவ்வாறு எழுதப்பட வேண்டும். எழுதுபவர்கள் அந்த எதிர்வீட்டு ஆயாவையும் மறவாமல் எழுதட்டும். திரைக்கும் தொடருக்கும் எழுதுபவர்களிடமும் எங்கள் விண்ணப்பம் இதுவே.

எங்களைப் பொறுத்தவரை வரும் தவக்காலத்துக்குத் துறக்க வேண்டியதை இப்போதே முடிவு செய்துவிட்டோம். அடிபட்டு வரும் பெண்ணிடம் வியாகுலக் கதை சொல்லித் திருப்பியனுப்புவதைத் துறக்கிறோம். தொடரைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. அந்தச் சிறுமியையும் கூட உட்காரவைத்துக்கொண்டுதான் பார்ப்பது, அவள் கேட்கும் கேள்விகளை அடக்காமலிருப்பது என்ற அளவில் இப்போதைக்கு உடன்பாடு.